பெட்டியின் பின்பக்கம்: தமிழ்நாட்டில் தொலைக்காட்சி விளையாட்டுத் திரையான வரலாறு

தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் முன்பக்கத்தையே, அதாவது திரையில் தோன்றிய நிகழ்ச்சிகளையும் அவற்றை அனுப்பிய நிலையங்களையுமே, பொருளாகக் கொள்கின்றனர். பெட்டியின் பின்பக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆன்டெனாக் கம்பியை முடுக்கும் இரண்டு திருகுகள் மட்டும் இருந்த காலம், மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிற வட்டத் துளைகள் சேர்ந்த காலம், எச்டிஎம்ஐ எனப்படும் தட்டைத் துளைகள் வந்த காலம் என்ற மூன்று கட்டங்களிலும், வீட்டார் தாமாக எதைத் திரையில் காட்ட முடியும், எதைக் காட்ட முடியாது என்பதை அந்தப் பின்பக்கமே தீர்மானித்தது. கணினியைப் பெரிய தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடுவது இன்று புதிய வழக்கமாகக் கருதப்பட்டாலும், வீட்டுக் கணினி தோன்றியபோதே தொலைக்காட்சியைத் தன் திரையாகக் கொண்டுதான் தோன்றியது. பின்னர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் இரண்டும் பிரிந்திருந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகே மீண்டும் சேர்ந்தன. அந்தப் பிரிவுக்கும் சேர்க்கைக்கும் உரிய காரணங்களைத் தமிழ்நாட்டை, சிறப்பாகத் திருச்சிராப்பள்ளி வட்டாரத்தை, முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்நாட்டில் தொலைக்காட்சி முதன்முதலாகக் காட்டப்பட்டபோது ஒளிபரப்பு என்பதே இங்கு இல்லை. 1950-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைத் தேனாம்பேட்டையில் நடந்த கண்காட்சி ஒன்றில், மின்பொறியியல் மாணவராக இருந்த பி. சிவகுமாரன் ஒரு கடிதத்தை வருடி, அதன் உருவத்தை எதிர்மின்கதிர்க் குழாயின் திரையில் தோன்றச் செய்தார். எதிர்மின்கதிர்க் குழாய் என்பது, காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவையின் பின்முனையிலிருந்து பாயும் எலக்ட்ரான் கற்றை முன்முகத்திலுள்ள ஒளிரும் பூச்சின்மீது வரிவரியாக ஓடிப் படம் வரையும் அமைப்பாகும். பொதுவழக்கில் இதுவே ‘பிக்சர் டியூப்’ எனப்பட்டது. தொலைவிலிருந்து வரும் நிகழ்ச்சிக்குக் காத்திராமல் அதே இடத்தில் உருவாக்கிய சமிக்ஞையைத் திரைக்கு அனுப்பிய இந்தச் செயல்விளக்கம், பின்னாளில் விளையாட்டுக் கருவிகளும் கணினிகளும் செய்யப்போவதையே கொள்கையளவில் செய்துகாட்டியது. அதை இந்த வரலாற்றின் தொடக்கமாகக் கொள்வது பொருத்தமானது.

ஒளிபரப்பு டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்றும், மும்பையில் 1972-இலும், சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்றும் தொடங்கியது. திருச்சிராப்பள்ளிக்கு 1939 மே 16 முதலே வானொலி நிலையம் இருந்ததால், வட்டாரத்தின் ஊர்கள் ஒலியலைக்கு நெடுநாள் பழகியிருந்தன. ஊராட்சி மன்றக் கூடத்தில் ஒலிக்கும் பொது வானொலியைச் சுற்றி அமர்ந்து கேட்பது சிற்றூர்களின் மாலை வழக்கமாகவே ஆகியிருந்தது. படம் இங்கு வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1982-இல் வண்ண ஒளிபரப்பும் நாடு தழுவிய நிகழ்ச்சியும் தொடங்கி, அதே ஆண்டு நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்ற பிறகுதான் தொலைக்காட்சி பெருநகரத்துக்கு வெளியே பரவலாயிற்று. 1984-இன் நடுப்பகுதியில் ஏறத்தாழ நாளொன்றுக்கு ஒன்று என்ற வேகத்தில் நாடெங்கும் ஒளிபரப்பிகள் நிறுவப்பட்டன. அடுத்த ஆண்டு, அதுவரை அஞ்சலகத்தில் செலுத்தப்பட்டுவந்த தொலைக்காட்சி உரிமக் கட்டணமும் நீக்கப்பட்டது.

அலையின் இயல்பும் நிலத்தின் அமைப்பும் பெட்டியின் பயனை எவ்வளவு கட்டுப்படுத்தின என்பதற்குத் திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில், மண்ணச்சநல்லூர் வட்டத்தில் அமைந்த திருவெள்ளறை ஓர் எடுத்துக்காட்டு. பல்லவர் காலத்துச் சுவத்திகக் கிணற்றாலும் 108 வைணவத் தலங்களுள் ஒன்றான புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலாலும் அறியப்பட்ட இவ்வூர், 1980-களின் பிற்பகுதியில் தென் தமிழகத்துக்கு ஒளிபரப்பத் தொடங்கிய கொடைக்கானல் கோபுரத்திலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் இருக்கிறது. தொலைக்காட்சி அலை ஏறத்தாழ நேராகவே செல்லக்கூடியது. 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து புறப்படும் அலைக்குப் புவியின் வளைவு குறுக்கிடும் எல்லை 180 கி.மீ.க்குச் சற்று அப்பால் அமைவதால், இத்தகைய ஊர்கள் எல்லைக்குள் இருந்தும் அதன் விளிம்பை ஒட்டியே இருந்தன. ஆகவே மாடிமேல் உயர்ந்த குழாயில் அலுமினியக் கம்பிகள் கொண்ட ஆன்டெனாவும், வலுக்குறைந்த அலையைப் பெருக்கும் பூஸ்டரும், ஒருவர் மேலே நின்று திருப்ப மற்றொருவர் கீழிருந்து படம் தெளிந்ததா என்று குரல் கொடுக்கும் வழக்கமும் அக்காலத் தொலைக்காட்சியின் பிரிக்க முடியாத பகுதிகளாயின. இவ்வளவு உழைப்புக்குப் பின்னும் ஒரே ஓர் அலைவரிசைதான் கிடைத்தது என்பதை நினைவில் கொண்டால், வீட்டிலேயே படத்தை உண்டாக்கக்கூடிய ஒரு கருவிக்கு ஏன் அவ்வளவு வரவேற்பு இருந்தது என்பது எளிதில் விளங்கும்.

அத்தகைய கருவியை முதலில் வடிவமைத்தவர் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பொறியாளர் ரால்ஃப் பேயர். அமெரிக்க வீடுகளில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளை ஒளிபரப்பைப் பார்ப்பதற்கு மட்டுமே பயன்படுத்துவது வீண் என்று கருதிய அவர், 1966-இல் தம் எண்ணத்தை எழுதிவைத்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் பல மாதிரிகளைச் செய்தார். அதன் பயனாக 1972-இல் மேக்னவாக்ஸ் ஒடிசி என்னும் கருவி விற்பனைக்கு வந்தது. பெட்டிக்குள் நுழைய ஆன்டெனாத் திருகைத் தவிர வேறு வழி இல்லாத நிலையில், அவர் கையாண்ட உத்தி, விளையாட்டின் படத்தை ஒரு சிறு ஒளிபரப்புபோல மாற்றி அந்தத் திருகின் வழியாகவே அனுப்புவதாகும். இதைச் செய்யும் சுற்றுக்கு ஆர்எஃப் மாடுலேட்டர் என்று பெயர்: அது படச் சமிக்ஞையைக் காலியாக உள்ள ஓர் அலைவரிசையின்மீது ஏற்றிக் கொடுக்கும், தொலைக்காட்சியோ அதை இன்னொரு நிலையம் என்று எண்ணி வாங்கிக்கொள்ளும். ஆன்டெனாவிலிருந்து வரும் கம்பியும் விளையாட்டுக் கருவியின் கம்பியும் ஒரு சிறு பெட்டியில் சேர, அதிலுள்ள விசையை ஒரு பக்கம் தள்ளினால் ஒளிபரப்பும் மறுபக்கம் தள்ளினால் விளையாட்டும் வரும். அடுத்த 20 ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் வீட்டு விளையாட்டு பெரும்பாலும் இந்த உத்தியின்மேல் நின்றது.

அலையின் வழி நுழைவதென்றால் நாட்டின் ஒளிபரப்பு முறைக்கு இணங்கியாக வேண்டும். இந்தியா ஏற்றுக்கொண்ட பால் முறையில் ஒரு படம் 625 வரிகளாலானது, நொடிக்கு 50 அரைப்படங்கள் வரையப்பட்டன. அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றிய என்டிஎஸ்சி முறையில் 525 வரிகளும் ஏறத்தாழ 60 அரைப்படங்களும் இருந்தன. இதனால் அமெரிக்க உறவினர் வாங்கிவந்த கருவியை இங்குள்ள பெட்டியில் இணைத்தால் படம் உருண்டுகொண்டிருக்கும், அல்லது நிறமின்றித் தெரியும். திருச்சி வட்டாரத்தினர் வேலைக்குச் சென்ற சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுள் பெரும்பாலானவை, அவற்றோடு இலங்கை ஆகியவை பால் முறையையே கொண்டிருந்தது, யாரும் திட்டமிடாத, ஆனால் பெரிய விளைவுகளை உண்டாக்கிய பொருத்தமாகும். அந்நாடுகளிலிருந்து வந்த டெக், விளையாட்டுக் கருவி எல்லாம் இங்குள்ள பெட்டியில் அப்படியே வேலை செய்தன. ‘டெக்’ என்று தமிழ்நாட்டில் வழங்கிய வீடியோ கேசட் கருவி ஊர்தோறும் வாடகைக்குக் கிடைத்ததும், திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் பெட்டியோடு டெக்கையும் எடுத்து விடியவிடியப் படம் போட்டதும் தொலைக்காட்சியின் பின்பக்கத்தைத் தமிழர் முதலில் பழகிக்கொண்ட வழியாகும். எந்தக் கம்பியை எதில் செருக வேண்டும், எந்த அலைவரிசைப் பொத்தானைத் திருகிப் படத்தைப் பிடிக்க வேண்டும் என்ற அறிவு டெக் வாடகைக்காரரிடமிருந்தே இளைஞர்களுக்குப் பரவியது.

இதே காலத்தில் மேலைநாடுகளில் வீட்டுக் கணினி தொலைக்காட்சியைச் சார்ந்தே வளர்ந்தது. பிரிட்டனில் 1982 ஏப்ரலில் வெளிவந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் 125 பவுண்டுக்கு விற்கப்பட முடிந்ததற்கு ஒரு காரணம், அதற்குத் தனித் திரை தேவைப்படாததுதான். நிரலை ஒலிநாடாக் கேசட்டிலிருந்து ஏற்றி, படத்தை வீட்டுப் பெட்டியில் காட்டியது அக்கணினி. இந்தியாவில் 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த புதிய கணினிக் கொள்கைக்குப் பின், டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் 1986-இல் உரிமம் பெற்று இதே கணினியை ‘டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்’ என்ற பெயரில் விற்றது. ஆயினும் பிரிட்டிஷ் ஸ்பெக்ட்ரத்தின் மாடுலேட்டர் யுஎச்எஃப் எனப்படும் உயர் அலைப்பட்டையில் 36-ஆம் அலைவரிசையில் படத்தை ஏற்றுவது. தூர்தர்ஷனோ அதற்குக் கீழுள்ள விஎச்எஃப் பட்டையில் ஒளிபரப்பியதால், அக்கால இந்தியப் பெட்டிகள் பலவற்றில் உயர்பட்டையைப் பிடிக்கும் சுற்றே இல்லை. கணினியும் நல்ல நிலையில், பெட்டியும் நல்ல நிலையில் இருந்தும் இரண்டுக்கும் இடையே வழி அமையாத இந்த நிலை, தமிழ்நாட்டில் பிற்காலத்தில் மிகப் பெரிய அளவில் மீண்டும் தோன்றப்போகிறது.

பள்ளிகளுக்குக் கணினியைக் கொண்டுசெல்ல நடுவண் அரசு 1984-இல் 250 பள்ளிகளோடு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் பிபிசி மைக்ரோ என்னும் பிரிட்டிஷ் கணினியே வழங்கப்பட்டது. கணினியும் தொலைக்காட்சியும் பிரிந்ததற்கான காரணத்தை அந்தக் கணினியிலேயே காணலாம். ஒரு வரியில் 40 எழுத்துகள் வரை காட்டும் நிலையில் அது சாதாரணப் பெட்டியில் தெளிவாகத் தெரிந்தது. 80 எழுத்துகள் காட்டும் நிலைக்கு மாற்றினாலோ எழுத்துகள் ஒன்றோடொன்று கலங்கிப் படிக்க முடியாமல் போயின. இந்தியாவின் பால் ஒளிபரப்பு ஒரு படத்துக்கு 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தையே ஒதுக்கியிருக்க, 80 எழுத்து வரிக்கு அதைவிட அதிகம் தேவைப்பட்டதே இதற்குக் காரணம். கடிதம் தட்டச்சிடவும் கணக்கெழுதவும் கணினி பயன்படத் தொடங்கியதும், தனக்கென ஒரு தெளிந்த திரையைத் தேடிக்கொண்டு அது வரவேற்பறையை விட்டு மேசைக்குச் சென்றது. 1987-இல் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த விஜிஏ இணைப்பு, தொலைக்காட்சியின் வரி வேகத்துக்கு இருமடங்கான வேகத்தில் படம் வரைந்ததால், இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வாய்ப்பே இல்லாமற் போயிற்று. திருவரங்கத்தில் வளர்ந்து பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதா கணினி பற்றித் தமிழ் வார இதழ் வாசகர்களுக்கு விளக்கி எழுதிய ஆண்டுகளும் ஏறத்தாழ இவையே. அவருடைய வாசகர்களுள் மிகப் பெரும்பாலோர் கணினியைக் கண்ணால் காண்பதற்கு முன்பே அதைப் படித்து அறிந்தனர்.

தமிழ்நாட்டு வீடுகளில் தொலைக்காட்சியை விளையாட்டுத் திரையாக மாற்றியது கணினி அன்று; ‘டிவி கேம்’ என்று வழங்கிய மலிவான பெட்டிதான். ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியைப் பார்த்துத் தைவானிலும் பின்னர் சீனாவிலும் செய்யப்பட்ட நகல்களே அவை. அவற்றைப் பால் முறைக்கு மாற்றி அமைத்ததில் அந்த நகலாளர்கள் காட்டிய தொழில்திறம் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று: நொடிக்கு 60 முறை இயங்குமாறு எழுதப்பட்ட விளையாட்டுகள் 50 முறை வரையும் பெட்டியிலும் சற்று மெதுவாகவேனும் பிழையின்றி ஓடும்படி சில்லின் கால அளவை அவர்கள் திருத்தி அமைத்தனர். ‘லிட்டில் மாஸ்டர்’, ‘டெர்மினேட்டர்’ முதலிய பெயர்களில் இந்தியாவெங்கும் விற்ற இக்கருவிகளோடு இரண்டு கைப்பிடிகளும், ஒரு துப்பாக்கியும், நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் இருப்பதாக உறையில் அச்சிட்ட மஞ்சள் நிறக் கேசட்டும் வந்தன. கேசட்டின் உள்ளே ஒலிநாடா இல்லை, நினைவகச் சில்லு பதித்த பலகையே இருந்தது. ஆயினும் பாட்டுக் கேசட்டுக்குப் பழகிய சமூகம் அந்தப் பெயரையே அதற்கும் வைத்துக்கொண்டது. மாரியோவும் காண்ட்ராவும் எழுத்தறியாச் சிறுவர்க்கும் தெரிந்த பெயர்களாயின.

முறையான உரிமத்தோடும் சில முயற்சிகள் நடந்தன. சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவியை 1990-களின் நடுவில் ஷா வாலஸ் குழுமம் இந்தியாவில் விற்றது. இறக்குமதி வரி மிகுந்திருந்த அக்காலத்தில் நகலின் விலையோடு அசலால் போட்டியிட முடியவில்லை.

நகல் கருவிகளுள் சில, விசைப்பலகையோடு கணினி வடிவிலேயே செய்யப்பட்டிருந்ததும், தட்டச்சுப் பயிற்சி, கூட்டல் கழித்தல், எளிய பேசிக் மொழி ஆகியவை அடங்கிய ‘கல்விக் கேசட்’ ஒன்றைச் சேர்த்துக் கொடுத்ததும் தனியே குறிப்பிடத்தக்கவை. சீனாவில் சுபோர் நிறுவனம் பெருவெற்றியாக்கிய இந்த வடிவத்தை இந்தியச் சந்தையிலும் வணிகர்கள் விற்றனர். படிப்பு என்ற பெயர் இருந்தால்தான் பெற்றோர் பணம் கொடுப்பர் என்பதை அறிந்து செய்யப்பட்ட வணிகமே இது. ஆயினும் கணினி என்பது பள்ளியிலும் அலுவலகத்திலும் மட்டுமே இருந்த காலத்தில், எழுத்துப் பலகை ஒன்றைத் தட்டினால் வீட்டுத் திரையில் எழுத்து தோன்றும் என்ற அனுபவத்தை எண்ணற்ற சிறுவர்கள் இதன் வழியாகவே பெற்றனர். இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்குவோர் உண்டு. ஸ்பெக்ட்ரத்தை வாங்க இயலாத ஒரு சமூகத்துக்கு அதன் இடத்தை நிரப்பியது இதுவே என்று மதிப்பிடுவது நேர்மையாக இருக்கும்.

வாங்க இயலாதவர்க்குக் கடை இருந்தது. வீதியோர அறை ஒன்றில் நான்கைந்து பெட்டிகளை வரிசையாக வைத்து, மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு விளையாட விடும் ‘வீடியோ கேம் கடை’ 1990-களில் தமிழ்நாட்டின் நகரங்களிலும் சிறு பேரூர்களிலும் ஒரு தனித் தொழிலாக உருப்பெற்றது. டெக் வாடகை நலிந்தபோது அதே அறை, அதே பெட்டி, அதே கம்பிகளோடு இத்தொழில் தொடங்குவது எளிதாக இருந்தது. பெட்டியின் குழாயில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் அதன் நிழல் ஒளிப்பூச்சில் நிலையாகப் பதிந்துவிடும் என்பதால், விளையாடினால் டிவி கெட்டுவிடும் என்ற அச்சம் வீடுகளில் பரவலாக இருந்தது; அச்சத்தில் உண்மையும் இருந்தது. புதிய வண்ணப் பெட்டியைக் காத்துக்கொள்ள, சென்னையில் தயாரான சாலிடேர், டயனோரா போன்ற பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளை விளையாட்டுக்கென ஒதுக்குவதும் உண்டு. நீலமும் பச்சையுமான விளையாட்டு உலகத்தைச் சாம்பல் நிறத்தில் கண்டு வளர்ந்தவர்கள் இதனாலேயே இருக்கிறார்கள்.

துப்பாக்கி விளையாட்டைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும், ஏனெனில் அது குழாய்ப் பெட்டியோடு பிறந்து அதனோடு மறைந்தது. விசையை அழுத்தியதும் திரை முழுவதும் ஒரு கணம் கருமையாகி, சுட வேண்டிய பறவை இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். துப்பாக்கியின் முனையிலுள்ள ஒளியுணரி அந்த வெண்மையைக் கண்டால் குறி தப்பவில்லை என்று பொருள். இது நடைபெற, கருவி அனுப்பிய படம் அதே கணத்தில் திரையில் ஒளிர்ந்தாக வேண்டும். குழாய்ப் பெட்டி வரும் சமிக்ஞையைச் சேமித்து வைக்காது. வந்த வரியை வந்தவுடனே வரைந்துவிடும். பின்வந்த தட்டைத் திரைகள் படத்தை முழுதாக வாங்கி, அளவு மாற்றி, செம்மைப்படுத்திய பிறகே காட்டுவதால் அந்தக் கணம் தவறிவிடுகிறது. எவ்வளவு விலையுயர்ந்த புதிய பெட்டியிலும் அப்பழைய துப்பாக்கி சுடுவதில்லை.

இரண்டாம் கட்டம் ஏவி துளைகளோடு வந்தது. படத்துக்கு மஞ்சளும் ஒலிக்கு வெள்ளையும் சிவப்புமாக அமைந்த இத்துளைகள் வழியே சமிக்ஞை அலையில் ஏறாமல் நேராக உள்ளே சென்றதால், படம் தெளிந்தது, அலைவரிசையைத் தேடிப் பிடிக்கும் தொல்லையும் ஒழிந்தது. 1991-க்குப் பின் கேபிள் இணைப்பும், 1993 ஏப்ரல் 14 முதல் சன் டிவியும் பரவி ஆன்டெனாத் துளையைக் கேபிள்காரர் கைக்கொண்ட நிலையில், விளையாட்டுக்கு இந்தப் புதிய வாயில் உதவியது. சோனியின் பிளேஸ்டேஷன் கருவிகளும் இதன் வழியாகவே வந்து, வீடியோ கேம் கடைகளில் 21 அங்குல, 29 அங்குலப் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டன.

கணினியோ இக்காலத்தில் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பவில்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருகிய பிரவுசிங் சென்டர்களில் அது தன் சொந்தத் திரையோடு தடுப்புப் பலகைகளுக்கு இடையே இருந்தது. பல கணினிகளைக் கம்பியால் பிணைத்து நண்பர்கள் ஒருவரோடு ஒருவர் பொருதும் விளையாட்டுகளும் அங்கேயே நடந்தன. படத்தைப் பெட்டிக்கு அனுப்பும் எஸ்-வீடியோ துளை சில வரைகலை அட்டைகளில் இருந்தும் அதைப் பயன்படுத்தியோர் சிலரே. அதற்கு மாறாக, டிவி டியூனர் அட்டை என்ற ஒன்றைப் பொருத்திக் கேபிள் நிகழ்ச்சியைக் கணினித் திரையில் பார்ப்பதே அன்று விரும்பப்பட்டது. திரையின் தரத்தில் கணினி முந்திச் சென்றுவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்நிலையில்தான் தமிழ்நாடு அரசு இரண்டு பெருங்கொடைகளை ஒன்றன்பின் ஒன்றாக வழங்கியது. 2006 தேர்தலில் மு. கருணாநிதி அளித்த வாக்குறுதியின்படி, தொலைக்காட்சி இல்லாத குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணப் பெட்டி ஒன்றை விலையின்றி வழங்கும் திட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. முதலாண்டுக்கு 750 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. சிற்றூர்ப் பெண்களின் பொழுதுபோக்கும் பொது அறிவும் இதன் நோக்கங்களாகக் கூறப்பட்டன. ஆட்சி மாறியபின் ஜெ. ஜெயலலிதா அரசு, சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் மாணவர்க்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன்கீழ் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்வி நிலையங்களின் மாணவர்களைச் சென்றடைந்தன. இத்தகைய வாக்குறுதிகள் தேர்தல் முறைகேடு ஆகுமா என்ற வழக்கில், ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தது. இரண்டு திட்டங்களிலும் கொள்முதல் பொறுப்பை ஏற்றது 1977-இல் நிறுவப்பட்ட, மாநில அரசின் எல்காட் நிறுவனமே.

அரசியல் நோக்கில் இக்கொடைகள் பலமுறை விவாதிக்கப்பட்டுள்ளன. இந்த வரலாற்றுக்கு அவற்றின் முக்கியத்துவம் வேறு. அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்பு படிக்கும் பிள்ளை உள்ள ஓர் எளிய வீட்டில், 2011-க்குப் பின் வண்ணத் தொலைக்காட்சியும் கணினியும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. அதற்கு முன் இந்தியாவின் ஏழைக் குடும்பங்களுக்கு அத்தகைய நிலை வாய்த்ததில்லை. ஆயினும் அக்கால 14 அங்குலக் குழாய்ப் பெட்டிகளில் வழக்கமாக இருந்தவை ஆன்டெனாத் துளையும் ஏவி துளையும். மடிக்கணினிகளில் வழக்கமாக இருந்தவை விஜிஏ அல்லது எச்டிஎம்ஐ துளைகள். இரண்டையும் சேர்க்க, மின்சுற்று அடங்கிய தனி மாற்றிக் கருவி ஒன்று வேண்டும். அதை வாங்கி இணைத்தாலும் 1366-க்கு 768 புள்ளிகள் கொண்ட கணினிப் படம் குழாயின் 576 வரிகளுக்குள் நசுங்கி, எழுத்து மங்கலாகவே தெரியும். ஐந்தே ஆண்டு இடைவெளியுள்ள இரு பொருள்கள் தொழில்நுட்பத்தில் இரு வேறு காலங்களைச் சேர்ந்தவையாக இருந்தன. ஸ்பெக்ட்ரத்துக்கு நேர்ந்தது இங்கே லட்சக்கணக்கான வீடுகளில் நேர்ந்தது. பின்னர் ஒளிபரப்பு எண்ணியல் முறைக்கு மாறி, அரசு கேபிள் நிறுவனம் 2017-இல் அதற்கான உரிமம் பெற்றபின், செட்டாப் பாக்ஸ் வந்து இருந்த ஏவி துளையையும் எடுத்துக்கொண்டது.

மூன்றாம் கட்டத்தின் அடித்தளம் வெளிநாட்டில் இடப்பட்டிருந்தது. 2002 டிசம்பரில் சோனி, பிலிப்ஸ், தோஷிபா, ஹிட்டாச்சி முதலிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட எச்டிஎம்ஐ தரம், படத்தையும் ஒலியையும் எண்களாகவே ஒரே கம்பியில் அனுப்பியது. அது கணினித் திரைகளுக்கென 1999-இல் வகுக்கப்பட்ட டிவிஐ இணைப்பின் வழித்தோன்றல் என்பதால், கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் பொதுமொழியாக அமைந்தது. அதோடு குழாய் மறைந்து தட்டைத் திரை வந்தபின், 1920-க்கு 1080 புள்ளிகள் என்ற ஒரே கட்டமைப்பை இரண்டும் ஏற்றன. எழுத்துத் தெளிவு காரணமாக 1980-களில் நேர்ந்த பிரிவு இவ்வாறு முடிவுக்கு வந்தது.

திருச்சி வட்டாரத்துக்குப் பெரிய திரை வானூர்தியில் வந்தது என்று கூறினால் மிகையாகாது. ஏர் ஏஷியா நிறுவனம் இந்தியாவுக்கான தன் முதல் சேவையைக் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு 2008-இல் தொடங்கியது; சிங்கப்பூருக்கும் குறைந்த கட்டணச் சேவைகள் பெருகின; விடுமுறையில் ஊர் திரும்புவோரும், பொருள் சுமந்து வருவதையே பிழைப்பாகக் கொண்டு ‘குருவி’ என்று வழங்கப்பட்டோரும் தட்டைத் தொலைக்காட்சிகளை உடன் கொண்டுவந்தனர். அன்று பயணி ஒருவர் 35,000 ரூபாய் மதிப்புள்ள பொருளைச் சுங்கமின்றிக் கொண்டுவரலாம் என்றிருந்த சலுகையிலிருந்து தட்டைத் திரைத் தொலைக்காட்சிகளை நடுவண் அரசு 2013 ஆகஸ்ட் 26 முதல் விலக்கி, 35 விழுக்காடு சுங்கமும் அதன்மேல் கூடுதல் வரியும் விதித்தபோது அந்த ஓட்டம் தடைப்பட்டது. அதற்குள் உள்நாட்டில் விலை இறங்கத் தொடங்கியிருந்ததால், பெரிய திரைக்கான ஆசை தணியவில்லை. அது திருச்சிக் கடைவீதிக்கு மாறியது.

துளை பொருந்திய பின்னும் பெட்டியின் பழைய இயல்புகள் எளிதில் விடவில்லை. குழாய்ப் பெட்டிகள் படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னே மறைத்துக் காட்டுவது வழக்கம். தேவையே இல்லாத தட்டைத் திரைகளிலும் உற்பத்தியாளர்கள் இவ்வழக்கைத் தொடர்ந்ததால், கணினியை இணைத்தோர் திரையின் அடிப்பட்டை வெட்டுப்பட்டிருப்பதைக் கண்டு திகைத்தனர். ஒளிபரப்பில் இடத்தை மிச்சப்படுத்த நிறத்தின் நுணுக்கத்தைக் குறைத்து அனுப்பும் முறையைக் கணினிப் படத்துக்கும் பெட்டி கையாண்டதால் சிவப்பு எழுத்துகளின் விளிம்பு கரைந்து தெரிந்தது. பெட்டியின் பட்டியலில் அந்தத் துளைக்குக் ‘கணினி’ என்று பெயரிட்டால் பல தயாரிப்புகளில் இக்குறை நீங்கும். எல்லாவற்றிலும் பெரிய இடையூறு தாமதம். படத்தை மெருகேற்றும் செயல்களுக்காகப் பெட்டி ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கைக்கூட எடுத்துக்கொள்ளலாம். திரைப்படம் பார்ப்பவர்க்கு அது தெரியாது, விசையை அழுத்துபவர்க்கோ ஆட்டமே தோற்றுப்போகும். அந்தச் செயல்களை விலக்கும் ‘கேம் மோடு’ என்ற ஏற்பாடும், 2017 நவம்பரில் வெளியான எச்டிஎம்ஐ 2.1 தரமும், நொடிக்கு 120 படம் காட்டும் திரைகளும் வந்தபிறகுதான் தாமதம் பழைய குழாய்ப் பெட்டியின் நிலையை நெருங்கியது. வால்வ் நிறுவனம் 2012 டிசம்பரில் கணினி விளையாட்டுகளுக்கான தன் ஸ்டீம் மென்பொருளுக்கு அளித்த ‘பெரும்படம்’ என்னும் முகப்பு, விசைப்பலகை இன்றித் தொலைவில் அமர்ந்து கணினியை இயக்க வழிசெய்தது.

இவ்வாறு நெடுங்காலப் பிரிவுக்குப் பின் கணினி தன் முதல் திரைக்குத் திரும்பியிருக்கிறது. தெளிவில் இன்றைய நிலை ஒப்பற்றது. ஆனால் அன்றைய டிவி கேமுக்கு இருந்த ஒரு சிறப்பு, அதாவது வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பெட்டியே போதும் என்ற எளிமை, இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. விளையாட்டுக்கு உரிய கணினியும் அதற்கேற்ற பெரிய திரையும் இன்றும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத செலவாகவே இருக்க, எளியவர் வீட்டுப் பிள்ளையின் விளையாட்டுத் திரை கைப்பேசியே ஆகிவிட்டது. இருவர் அருகருகே அமர்ந்து ஒரே திரையில் ஆடிய ஆட்டம் அதனால் அருகிவருகிறது என்பது வருந்தத்தக்க இழப்பாகும்.

இந்த வரலாற்றின் பொருட்சான்றுகள் வேகமாக அழிந்துவருகின்றன. குழாய்ப் பெட்டியின் கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதால் அதை முறையாகப் பிரித்தெடுப்பதே சரி. எனினும் எல்லாப் பெட்டிகளும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால், துப்பாக்கி விளையாட்டு எப்படி இயங்கியது என்பதை அடுத்த தலைமுறைக்குக் காட்ட ஒரு திரைகூட மிஞ்சாது. திருச்சிராப்பள்ளியில் இராணி மங்கம்மாள் மகாலில் இயங்கும் அரசு அருங்காட்சியகம், அரசு முத்திரையோடு வழங்கப்பட்ட 14 அங்குலப் பெட்டி ஒன்றையும், விலையில்லா மடிக்கணினி ஒன்றையும், கேசட்டும் துப்பாக்கியும் கூடிய டிவி கேம் ஒன்றையும் இயங்கும் நிலையில் பாதுகாக்க முன்வர வேண்டும். பரணில் இவற்றை வைத்திருப்போர் எடைக்குப் போடுமுன் அருங்காட்சியகத்தை அணுக வேண்டும்.